சாவா மூவாப் பேராடும் ஒரு 'ஈ'யும்

டிஸ்கி: இது கணக்குப் பதிவு. ஓடிடாதீங்க. நடுவுல ஆடு, எருமை, நெய், கந்துவட்டி எல்லாம் வரும். தலைப்புல இருக்கற ஈ பறக்கற ஈ இல்லை, 2.71828 என்று ஆரம்பிச்சு முடிவே இல்லாம போகுமே, அந்த ஈ.

உத்திரமேரூர்னு சொன்னதும் எல்லாருக்கும் குடவோலை ஞாபகம் வரும். அதே வட்டாரத்துல பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற இடத்துல திருமுக்கூடல்னு ஒரு ஊர் இருக்கு. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். ஆத்துக்கு அந்தப் பக்கம் மலைமேல பழையசீவரம் நரசிம்மர். மாட்டுப் பொங்கலன்னிக்குக் காஞ்சி வரதராஜர் பார்வேட்டைக்கு இந்தப் பக்கம் வருவார், அன்னிக்குத்தான் ஊர் நிறைய ஜனம். மத்த நாள்ல மணல், காத்து, தொல்லியல் துறையின் நீலப் பலகை, அவ்வளவுதான்.

ஆனா கல்வெட்டு படிக்கறவங்களுக்கு இது பெரிய ஊர். வீரராஜேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1067-68 வாக்கில் வெட்டின ஒரு நீளமான கல்வெட்டு இங்க இருக்கு. கோயில் செலவு, வேதமும் வியாகரணமும் சொல்லித்தர ஒரு பள்ளி, மாணவர்களுக்குச் சாப்பாடு, தலைக்கு எண்ணெய், அதோட 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஒரு ஆதுலசாலை. ஆஸ்பத்திரிதான். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் வரைக்கும் ஆளுக்கு இவ்வளவுன்னு கணக்கு. வருஷம் முழுக்க இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் வேற. இன்னிக்கு நம்ம ஆபீஸ்ல பட்ஜெட் ஷீட் போடறவங்க பார்த்தா வெட்கப்படுவாங்க.

இந்தக் கல்வெட்டைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. எனக்கு சுவாரசியமா இருந்தது வேற ஒண்ணு. அதே கோயில்ல இதைவிடப் பழசான ஒரு கல்வெட்டு இருக்கு. 9ஆம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலம். பெருமாளுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்கப் பொன் கொடுத்த செய்தி. தமிழ்நாட்டில் இந்த மாதிரி விளக்குக் கல்வெட்டு இல்லாத பழைய கோயிலே இல்லைன்னு சொல்லலாம். படிக்கறவங்க "ஓ, விளக்கு தானம்" என்று தாண்டிப் போயிடுவாங்க. நான் தாண்டாம நின்னதுக்குக் காரணம், அந்த விளக்குக்குள்ள என்னோட இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கு உட்கார்ந்திருக்கு.

விளக்கு எப்படி எரியும்?

நந்தா விளக்குன்னா ராத்திரி பகல் அணையவே கூடாது. எவ்வளவு நாள்? சந்திராதித்தவரை. சந்திரனும் சூரியனும் இருக்கற வரைக்கும். அதாவது முடிவிலி. முடிவே இல்லாத செலவுக்கு முடிவுள்ள ஒரு தொகையைக் கொடுத்துட்டுப் போகணும். அதுதான் பிரச்சினை.

ரெண்டு வழி வெச்சிருந்தாங்க. முதல் வழி பொன் அல்லது காசு. ஊர்ச் சபை அதை வாங்கிக்கும், முதல் அப்படியே நிற்கும், வருஷா வருஷம் பொலிசையை மட்டும் கோயிலுக்குக் கொடுக்கும். பொலிசைன்னா வட்டி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்த வட்டி வீதம் திரும்பத் திரும்ப வருது: காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு. அரைக்கால்னா எட்டில் ஒன்று. நூத்துக்கு பன்னிரண்டரை. நம்ம பர்சனல் லோன் வட்டிக்கு ரொம்பத் தூரமில்லை.

ரெண்டாவது வழி ஆடு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு விளக்குக்கு 90 ஆடு, சில இடங்களில் 96. ஒரு இடையர்கிட்ட ஒப்படைச்சிடுவாங்க. அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலில் அளக்கணும். தஞ்சையில் ராஜராஜன் வெச்ச விகிதம் தெளிவா இருக்கு: ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லைன்னா 48 பசு, இல்லைன்னா 16 எருமை. ரெண்டு ஆடு ஒரு பசு, மூணு பசு ஒரு எருமை. ஆடுகளை ஏத்துக்கிட்ட இடையர்களின் பெயர்களையும் கல்லில் வெட்டி வெச்சிருக்காங்க.

ஒரு சின்ன கணக்கு. நாலு உழக்கு ஒரு நாழி. வருஷத்தை 360 நாள்னு வெச்சா 360 உழக்கு, அதாவது 90 நாழி. ஆடு 90. ஆக ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு ஒரு நாழி நெய். 90ங்கற எண் இதனாலதான் வந்ததுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா இவ்வளவு அழகா வகுபட்டா கை சும்மா இருக்குமா.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஒரு பேர் உண்டு. 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு. நிஜ ஆடு சாகும், கிழடாகும், காணாமலும் போகும். சாகாதது எண்ணிக்கைதான். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும், மந்தை எப்பவும் 96. மேலே பிறக்கற குட்டியும், நெய்க்கு மிஞ்சின பாலும் இடையருக்கு. குறைஞ்சா அதுவும் இடையர் தலையில்.

பொன்னும் சரி, ஆடும் சரி, பின்னால இருக்கற விதி ஒண்ணுதான். எவ்வளவு இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி பெருகும். 96 ஆட்டுக்கு எத்தனை குட்டியோ, 192 ஆட்டுக்கு அதுல ரெண்டு மடங்கு. மாறும் வேகம் இருக்கும் அளவுக்கு விகிதசமம். இந்த ஒரு வரியைத்தான் நுண்கணிதத்தில் அடுக்குக்குறிச் சார்பின் வகைக்கெழுன்னு சொல்லி நம்மளைப் பயமுறுத்தினாங்க. எக்ஸ்பொனென்ஷியலோட டிஃபரன்சியேஷன்.

நான் படிச்ச காலேஜ்ல எம்-1 பேப்பர் எடுத்தவர் போர்டுல ஈ-அடுக்கு-எக்ஸ்னு எழுதி, அதோட வகைக்கெழுவும் ஈ-அடுக்கு-எக்ஸ்தான்னு எழுதி, "மனப்பாடம் பண்ணிக்கோங்க, ரெண்டு மார்க்" என்று அழிச்சிட்டார். ஏன் 2.71828? ஏன் 3 இல்லை? யாரும் கேட்கல, யாரும் சொல்லல. ரெண்டு மார்க் எல்லாருக்கும் வந்துச்சு.

ஏன்னு பாக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. 2-இன் அடுக்குகளை எடுத்துக்கலாம். 1, 2, 4, 8, 16... ஒவ்வொரு படியிலும் கூடுறது எவ்வளவு? 1, 2, 4, 8... இருக்கறது எவ்வளவோ அவ்வளவே கூடுது. முழுப் படியா தாவினா இப்படி. கொஞ்சமா நகர்ந்தா? நேரம் எக்ஸ்-இல் இருந்து சின்னதா ஒரு துளி நகருது. புது அளவு = பழைய அளவு பெருக்கல் 2-அடுக்கு-துளி. கூடினது = பழைய அளவு பெருக்கல் (2-அடுக்கு-துளி கழித்தல் 1). இதைத் துளியால வகுத்தா வேகம். பாருங்க, 'பழைய அளவு' முழுசா வெளியே வந்து நின்னுடுச்சு. மிச்சம் இருக்கற பகுதியில் எக்ஸ் என்ற பேச்சே இல்லை. அது வெறும் ஒரு எண். மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

அந்த எண் எவ்வளவு? துளியை 0.1 என்று வெச்சா 0.7177. 0.01க்கு 0.6956. 0.001க்கு 0.6934. இறங்கி இறங்கி 0.6931-இல் நிக்குது. 2-க்குப் பதில் 3 போட்டா அதே கணக்கு 1.0986-இல் நிக்குது. அப்ப 2-க்கும் 3-க்கும் நடுவுல எங்கேயோ ஒரு எண்ணுக்கு இது சரியா 1 ஆகணும் இல்லையா? அந்த எண்தான் ஈ. அதுக்கு மட்டும் வேகமும் அளவும் ஒண்ணு. ஈ-க்கு வேற எந்த மகிமையும் வேண்டாம், இது ஒண்ணு போதும்.

நம்ம அரைக்கால் வட்டிக்கு வருவோம். ஒரு காசு ஒரு வருஷத்துல 1.125 காசு. 1.125-க்கு அந்த எண் 0.1178. அதாவது வருஷக் கடைசியில் பன்னிரண்டரை சதவீதம் கூடியிருக்கணும்னா, ஒவ்வொரு கணமும் கூட வேண்டிய வீதம் வருஷத்துக்கு 11.78 சதவீதம்தான். மிச்சத்தை வட்டிக்கு வட்டி பாத்துக்கும். காசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு, ஆனா ஆடு வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்காது, தினமும் கறக்கும், நினைச்ச நேரத்தில் குட்டி போடும். காசைவிட ஆடுதான் நுண்கணிதத்துக்குப் பக்கம்.

இரட்டிக்க எத்தனை வருஷம்? 2-இன் எண்ணை 1.125-இன் எண்ணால வகுங்க. 0.6931-ஐ 0.1178-ஆல் வகுத்தா 5.88 வருஷம். பேங்க் ஏஜெண்டுகள் 72-ஐ வட்டியால வகுக்கச் சொல்வாங்களே, அந்த 72 இந்த 69.3-தான். 72-க்கு வகுத்திகள் ஜாஸ்தி, மனசுக்குள்ள வகுக்க வசதி, அதனால ஏத்தி வெச்சிருக்காங்க.

பெருக விட்டிருந்தால்?

ராஜராஜன் காலத்தில் ஒரு காசு போட்டு, பொலிசையை எடுக்காம, வட்டிக்கு வட்டின்னு விட்டிருந்தா? 100 வருஷத்தில் 1,30,000 காசு சொச்சம். தனி வட்டின்னா அதே 100 வருஷத்தில் முதலும் வட்டியும் சேர்த்து பதிமூன்றரை காசு. இன்னிக்கு ஏறக்குறைய 1000 வருஷம் ஆச்சு. வட்டிக்கு வட்டியில் அந்த ஒரு காசு, 1-க்குப் பக்கத்தில் 51 சைபர் போட்ட எண்ணைத் தாண்டும். பூமியில் உள்ள மொத்த அணுக்களே 1-க்கு அப்புறம் 50 சைபர் அளவுதான். பூமியையே அணு அணுவா உடைச்சு ஒவ்வொரு அணுவையும் ஒரு காசாக்கினாலும் தஞ்சைக் கோயிலுக்குச் சேர வேண்டிய பாக்கி தீராது :-)

யாரும் அப்படி விடல. விளக்குக் கல்வெட்டின் அழகே அங்கதான். பெருகுகிற வேகத்தை எடுத்து விளக்கில் ஊத்திடறாங்க. முதல் அசையாம நிக்குது. வகைக்கெழுவை மட்டும் செலவு பண்ணி, சார்பை வளர விடாம வெச்சிருக்காங்க.

வட்டிக்கு வட்டி தெரியாம இல்லை. அதுக்கு 'சக்கரவிருத்தி'ன்னு பேர் வெச்சு, தர்மசாஸ்திரங்கள் அதை முகம் சுளிச்சுத்தான் பேசுது. 499-இல் ஆரியபடர் எழுதின ஆரியபடீயத்தில் வட்டியையும் வட்டிக்கு விட்டா என்ன ஆகும்னு ஒரு கணக்கே இருக்கு, அதுக்கு இருபடிச் சமன்பாட்டை வெச்சு விடை. ஆனா மனு சொல்ற விதி ஒண்ணு: ஒரே சமயத்தில் வாங்கற வட்டி முதலைத் தாண்டக்கூடாது. ரெட்டிப்போட நிறுத்திக்கணும். தாம்துபட் என்ற பேர்ல பிரிட்டிஷ் காலத்துப் பம்பாய் கோர்ட்டுகள் வரைக்கும் இது செல்லுபடி ஆச்சு. (நடைமுறையில் எவன் கேட்டான்ங்கறது தனிக் கதை.) ரெட்டிப்பில் வெட்டி விட்டா அடுக்குக்குறி வளைவின் முதல் துண்டுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தத் துண்டு கிட்டத்தட்ட நேர்க்கோடு மாதிரியே இருக்கும்.

இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. நம்மாளுங்களுக்குக் 'கண நேர வேகம்' தெரியும். பாஸ்கராச்சாரியார் 1150-இல் சித்தாந்த சிரோமணியில் கிரகங்களின் 'தாத்காலிக கதி'யைக் கணக்கிடறார். அதுக்குள்ள சைனின் மாற்றம் கோசைனுக்கு விகிதசமம்ங்கறது இருக்கு. கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவனும் சீடர்களும் 14ஆம் நூற்றாண்டில் ஆரம்பிச்சு சைன், கோசைன் தொடர்களையே எழுதிட்டாங்க. 1530 வாக்கில் யுக்திபாஷா அதை மலையாளத்தில் விளக்கமா சொல்லுது. அந்த ரெண்டு தொடரையும் எடுத்து, குறிகளை எல்லாம் கூட்டல் ஆக்கி, ஒண்ணாச் சேர்த்தா ஈ-அடுக்கு-எக்ஸ் தொடர் வந்துடும்! கைக்கெட்டின தூரத்தில் இருந்துச்சு. யாரும் எடுக்கல, ஏன்னா யாருக்கும் தேவைப்படல. வானத்துல சுத்தற கிரகம் திரும்ப அதே இடத்துக்கு வரும், அதுக்கு சைன் போதும். திரும்பி வராம வளர்ந்துக்கிட்டே போற ஒண்ணு, அதாவது கடன், அதை விதி போட்டு வெட்டியாச்சு, விளக்கில் ஊத்தியாச்சு. இது என் ஊகம்தான். ஆனா ரொம்ப நாளா யோசிச்சு வந்த ஊகம்.

ஐரோப்பாவில் நடந்தது

அங்கேயும் நேரா வரல. 1614-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டார். லாக் டேபிள். அவர் மடக்கையை எப்படி வரையறுத்தார்னு பார்த்தா அசந்துடுவீங்க. ஒரு கோட்டில் ஒரு புள்ளி முடிவை நோக்கி ஓடுது. மீதி இருக்கற தூரம் எவ்வளவோ, அதுக்கு விகிதசமமான வேகத்தில் ஓடுது. கிட்டப் போகப் போக மெதுவாகும், போய்ச் சேரவே சேராது. பக்கத்துக் கோட்டில் இன்னொரு புள்ளி ஒரே சீரான வேகத்தில். ரெண்டாவது புள்ளி போன தூரம் முதல் புள்ளியின் மீதித் தூரத்துக்கு மடக்கை. வேகம், இருக்கும் அளவுக்கு விகிதசமம்! குட்டி போடாம செத்துக்கிட்டே வர மந்தை மாதிரி. நுண்கணிதம் என்ற பேரே பிறக்காத காலம். அடுக்குக்குறியின் வகைக்கெழு அதுக்கு 70 வருஷம் முன்னாடியே ஒரு புள்ளியோட ஓட்டமா வந்து உட்கார்ந்திருக்கு.

அப்புறம் 1690-இல் ஜேக்கப் பெர்னூலி வட்டிக் கணக்கை எடுத்தார். ஒரு ரூபாய், வருஷத்துக்கு நூத்துக்கு நூறு வட்டி. வருஷம் ஒரு தடவை சேர்த்தா 2 ரூபாய். ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னா 2.25. மாசா மாசம் 2.613. தினமும் 2.7146. கணத்துக்குக் கணம் சேர்த்தா? இரண்டரைக்கு மேல, மூணுக்குக் கீழன்னு காட்டினார். ஈ-யை ஒரு எல்லையா யாரோ துரத்தினது இங்கதான். (ரூபாய் நான் போட்டது. சுவிட்சர்லாந்துக்காரர் ரூபாயைப் பார்த்திருக்க மாட்டார்.)

இதுக்கு நடுவுல 1684-இல் லைப்னிட்ஸ் வகைக்கெழு விதிகளை வெளியிட்டுட்டார். கூட்டல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு, மூலம் எல்லாத்துக்கும் விதி. ஆனா அந்த அடுக்கு மாறாத எண். அடுக்கே மாறினா? டச்சுக்காரர் நியூவென்டைட் 1690களின் நடுவில் இதையும் ஒரு குறையாத் தூக்கிக் காட்டினார். லைப்னிட்ஸ் 1695-இல் பதில் எழுதறப்ப, மாறுகிற அடுக்கை எப்படி வகையிடறதுன்னு காட்டினார். 1697-இல் ஜேக்கப்போட தம்பி யோஹான் பெர்னூலி அதை ஒரு தனி நுண்கணிதமாவே எழுதிட்டார். எக்ஸ்-இன் அடுக்கு எக்ஸ், அதாவது அடியும் மாறுது அடுக்கும் மாறுது, அதையும் மடக்கை எடுத்து வகையிட்டார். நாம இன்னிக்கு "ரெண்டு பக்கமும் லாக் எடு" என்று கண்ணை மூடிக்கிட்டுப் போடறோமே, அந்த வித்தைதான். ஒரு எதிர்ப்பாளர் நோண்டினதால வந்த முன்னேற்றம். கணக்கிலயும் சண்டைக்கு மரியாதை உண்டு.

ஆய்லர் வந்து ஈ-ன்னு எழுத்து கொடுத்தது 1720களின் கடைசியில். அச்சில் 1736. 1748 புத்தகத்தில் அடுக்குக்குறியையும் சைன், கோசைனையும் ஒரே வரியில் கட்டிட்டார். கேரளத்தில் கைக்கெட்டின தூரத்தில் இருந்ததுன்னு சொன்னேனே, அது இதுதான்.

குறையின் கணக்கு

இப்ப திரும்ப விளக்குக்கு. நான் சொல்ல வந்த விஷயமே இனிமேதான்.

முதல் அசையாம நிக்குது, பொலிசை விளக்குக்குப் போகுது, எல்லாம் சமநிலை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன். 96 காசு முதல். அரைக்கால் வட்டிக்கு வருஷம் 12 காசு வருது, 12 காசும் நெய்க்குப் போகுது. சந்திராதித்தவரை ஓடும். இப்ப ஏதோ ஒரு வருஷம் முதலில் 8 காசு தொலைஞ்சு போச்சுன்னு வைங்க. முதல் 88. வட்டி 11. விளக்கு வட்டியைப் பார்த்து எரியாது, அதுக்கு 12 வேணும். ஒரு காசு முதலிலிருந்து எடுக்கணும். முதல் 87. அடுத்த வருஷம் 85.875. பற்றாக்குறையை மட்டும் எழுதுங்க: 8, 9, 10.125, 11.39... ஒவ்வொரு வருஷமும் 1.125 மடங்கு. 21 வருஷம் தாண்டினதும் முதல் காலி.

கவனிச்சீங்களா? பணம் வட்டிக்கு வட்டி ஆகாம விளக்கில் ஊத்தித் தடுத்தோம். ஆனா குறை வட்டிக்கு வட்டியாகுது. குறையின் வேகம் குறைக்கு விகிதசமம். முன்கதவில் விரட்டின அடுக்குக்குறி கொல்லைப்புறமா உள்ளே வந்துடுச்சு. அதுவும் எப்படி? தொலைஞ்சது 8 இல்லை, 4 காசுன்னா 27 வருஷம். பாதி நஷ்டம், ஆனா கூடக் கிடைச்சது 6 வருஷம்கூட இல்லை. ஒரே ஒரு காசு தொலைஞ்சா 39 வருஷத்துக்குள்ள முடிஞ்சது. 96-இல் ஒண்ணு! சந்திரனும் சூரியனும் இருக்கற வரைக்கும்னு கல்லில் வெட்டினதை அணைக்க ஒரு காசும் ஒரு தலைமுறையும் போதும்.

அப்ப 'சாவா மூவா' என்பது கவித்துவம் இல்லை. அது ஒப்பந்தத்தின் முக்கியமான ஷரத்து. குறை எந்த நிமிஷமும் உள்ளே வரக்கூடாது, வந்தா இடையர் அன்னிக்கே தன் ஆட்டைச் சேர்த்து 96 ஆக்கணும். சபை வாங்கின பொன்னும் அப்படித்தான். சபை அதை வெச்சு லாபம் பார்த்துச்சோ இல்லையோ, பொலிசை பொலிசைதான். கோயிலின் கணக்கில் நேர்க்கோடு. அந்தக் கோட்டை நேரா வெச்சிருக்க, வளைவு முழுசையும் இடையரும் சபையும் தங்கள் வீட்டில் தாங்கினாங்க. மழை பொய்ச்ச வருஷம், ஆட்டுக்கு நோய் வந்த வருஷம், 96-ஐ நிரப்ப அவர் எங்க போய்க் கடன் வாங்கியிருப்பார்? அந்தக் கடனுக்கு என்ன வட்டி? அது கல்வெட்டில் வராது.

இன்னிக்கு அது எப்படி இருக்கும்னு ஓரளவு சொல்லலாம். 'பத்து பைசா வட்டி'ன்னு ஊர்ல சொல்றது மாசத்துக்கு நூத்துக்குப் பத்து. கட்ட முடியாம வட்டிக்கு வட்டி ஏறினா ஒரு வருஷத்தில் 3.14 மடங்கு. ஏழு மாசம் தாண்டினதும் ரெட்டிப்பு. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் வந்தாச்சு. சட்டம் வந்தப்புறமும் மீட்டர் வட்டி, ரன் வட்டின்னு புதுப் புதுப் பேர்ல துளியைச் சின்னதாக்கிக்கிட்டேதான் போறாங்க. மாசம், வாரம், நாள், மணி. பெர்னூலி எல்லைக்குப் போன அதே வழி. அவர் பேப்பர்ல போனார், இவங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க.

திருமுக்கூடல் ஆஸ்பத்திரிக்கு வீரராஜேந்திரன் வேற ஏற்பாடு செஞ்சது எனக்கு இந்தக் கணக்குக்கு அப்புறம்தான் உறைச்சது. ஆடு இல்லை, வட்டிக்கு விட்ட பொன் இல்லை. வயலைக்காவூர் என்ற ஊரின் வருமானத்தை வெச்சுத்தான் கோயில், பள்ளி, ஆஸ்பத்திரிச் செலவு. நிலம் குட்டி போடாது. ஒரு வருஷம் விளையலேன்னா அந்த வருஷ நெல் போச்சு, அடுத்த மழைக்கு நிலம் அப்படியே இருக்கும். குறை குட்டி போடாது. அசுவத்தாம பட்டனுக்கு 90 கலம் போன வருஷமும் 90 கலம், இந்த வருஷமும் 90 கலம். ஹைக் கிடையாது பாவம், ஆனா வளைவும் கிடையாது.

கடைசியா ஒண்ணு. தஞ்சை விகிதத்தில் 96 ஆடு, 48 பசு, 16 எருமை மூணும் சமம்னு சொன்னேன். நெய்க்குச் சமம். ஆபத்துக்குச் சமமில்லை. பெருகும் வேகம் மூணுக்கும் அதே அரைக்கால்னு சும்மா வெச்சுக்குவோம். யாரும் ஈடு கட்டாம ஒரே ஒரு உருப்படி செத்துப் போச்சுன்னா, ஆட்டு விளக்கு 39ஆவது வருஷம் அணையும். பசு விளக்கு 33ஆவது வருஷம். எருமை விளக்கு 24ஆவது வருஷம். எருமையை வாங்கிக்கிட்ட இடையர் ஒரு நாள் காலையில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்து, 15-தான் நிக்குதுன்னா, அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆறு ஆட்டு விலைக்கு அவர் பதில் தேடியாகணும்.